மகள் படத்துக்கு ஆணி அடிக்க வேண்டாம்

ஏங்க, கோபத்தில் நீங்கள் பிடுங்கி எறிந்த மகளின் கல்யாணப் படத்தை இன்றே மாட்டிவிடுங்கள். சுத்தியலைத் தேட வேண்டாம், ஒளித்துவிட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவர், ஓர் அடிக்கே பொலபொலவென்று உதிரும். உங்கள் வீறாப்பு மாதிரி இல்லை. விரலால் தட்டிப் பார்த்து, பொக்கென்று கேட்காத இடத்தில் டேப் ஒட்டி, மெதுவாகத் துளைத்துத் திருகாணி போடுங்கள்.

போன மாதமே வந்தாளாம். மாடிவீட்டுக்காரி சொல்கிறாள்: "உங்க பொண்ணு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, படம் இருந்த எடத்துல வெறும் ஓட்டைன்னதும் அப்படியே திரும்பிட்டா." தெருக் கதையெல்லாம் தெரிந்த எனக்கு இது நேற்றுதான் தெரிந்தது.

இன்னொன்று: இன்று வரச் சொல்லிப் போன் செய்தேன். 'ம்' என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். வருவாள் என்று நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடைசி பஸ் வரை நிறுத்தத்தில் நிற்பேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிடுங்கள்.