நீ நிமிர்த்திய எழுத்துகள்

சென்ற வாரம் வாகட் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. பெட்ரோல் டேங்கில் மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கரில் யாரோ ஒருவருடைய பெயர். நடுக்கோடு இல்லாத ஆங்கில ‘ஏ’, சீவிவிட்ட முனைகள். நீ வெட்டியதா, உன்னைப் பார்த்து எவனாவது வெட்டியதா என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மனமில்லை. பின்னாலேயே போனேன். ஒரு திருப்பத்தில் கோட்டைவிட்டேன். உன்னிடமே கேட்டுவிடலாம் என்று கை போனைத் தேடியது. நீ இல்லை என்பது அதற்கு இன்னும் பழகவில்லை.

இதே மராத்தி ஊரில், கோந்த்வாவில் நீ ஸ்டிக்கர் கடை போட்டபோது வெட்டும் இயந்திரமெல்லாம் வரவில்லை. பிளேடுதான். “வளைவுல பிளேடு வழுக்கும் மக்கா. நேர்கோடுன்னா சொன்னபடி கேக்கும்லா” என்பாய். அப்படிப் பிறந்ததுதான் ராக்கெட்டின் மேல் எழுதவேண்டியதுபோல இருந்த அந்த எழுத்து. பைக்குக்காரர்கள், ஜிம் வைத்திருந்தவர்கள், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர்கள் எல்லோருக்கும் அதுவே வேண்டியிருந்தது. எதிர்காலம் மூலைகளோடுதான் வரும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் எப்படித் தோன்றியது? எனக்கு இன்றும் விளங்கவில்லை. மராத்திக்கும் செய்தாய். அதற்குத் தலைக்கோடு ஏற்கெனவே நேர்தான், பாதி வேலை மிச்சம்.

தமிழில் யாரும் கேட்கவில்லை. உன் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். “வாப்பா, தமிழ் ஃபுல்லா ஜிலேபி மாதிரி இருக்கு. எனக்கு நகோ, வேண்டாம்.” அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கடையில் உட்கார்ந்து வளைவுகளை ஒடித்தோம். ‘ட’வும் ‘ப’வும் பிறவியிலேயே நம் கட்சி. ‘இ’ மட்டும் படியவே இல்லை. எதை எடுத்தால் அது ‘இ’யாக இல்லாமல் போகும் என்று ஒவ்வொரு கோடாக எடுத்துப் பார்த்தோம். புள்ளியைக்கூடச் சாய்சதுரமாக்கினாய். எல்லாவற்றையும் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாய். அவள் மளமளவென்று படித்தாள்.

அந்தப் பொங்கலுக்கு நம் குடியிருப்பு விழா மேடையில் அதே எழுத்தை ஏற்றினாய். “இது என்ன பாய், சர்க்யூட் படமா?” என்றார் விழா நடத்தியவர். தமிழ் தெரிந்த ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. கூடவே உட்கார்ந்து செய்த எனக்கே தடுமாறியது. நீ சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாய். ஆனால் போனதும் மகளிடம் ஊர்ப் பத்திரிகை ஒன்றை நீட்டியிருக்கிறாய். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

மறுநாள் உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. “நம்ம வீட்டு ஃப்ரிட்ஜைத் தவிர உலகத்துல எங்கயும் இல்லாத தமிழைப் படிச்சுக் குடுத்துட்டேனேலே. ஊர்ல போயி பஸ் போர்டை எப்படி வாசிப்பா?” என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இதையே கேட்டாய். அந்தக் கவலையோடேயே போய்விட்டாய்.

அடுத்த கோடையில் அவளும் அவள் உம்மாவும் திருநெல்வேலிக்குப் போனார்கள். பேருந்து நிலையத்தில் உம்மா தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், மேலப்பாளையம் பஸ்ஸை அவளே பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். போனில் என்னிடம் சொன்னாள்: “அங்கிள், ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். இங்க எல்லாமே வாப்பா எழுத்துதான். பழசாயிடுச்சுல்ல, அதான் மூலை மட்டும் தேஞ்சு போச்சு.”

இதை உன்னிடம் சொல்ல நீ இல்லையே என்று அன்று அழுதேன். இப்போதெல்லாம் எந்தத் தமிழ்ப் பலகையைப் பார்த்தாலும், வளைவுகளுக்குள் உன் மூலைகளைத் தேடுகிறேன். ‘இ’யில்கூட ஒன்று கிடைத்துவிடுகிறது.