ஸ்வீடன் தொரையும் உன் ஹெலிகாப்டர் சீட்டும்

உன் முதலாண்டு அஞ்சலிச் சுவரொட்டியின் மாதிரித் தாள் மேசையில் கிடக்கிறது. அச்சகத்திலிருந்து வந்து ஒரு வாரமாகியும் மை வாசம் போகவில்லை. நாலு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் உன் கல்லூரி அடையாள அட்டைப் படம், கீழே ஒரே வரி: "உடல்நலக் குறைவால் காலமானார்." படித்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட் பகுதியில் நாம் சேர்ந்து எடுத்த அறையில் நீ நாலு மாதம் ஒரு செத்தவனோடு குடித்தனம் நடத்தினாய். கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்வீடன் பிரபு. எம்.ஏ. ஆய்வேட்டுக்காக அவனைப் பிடித்தாய். பதினைந்து வயதில் துப்பாக்கி தூக்கியவன், போலந்துப் போரில் கொடி பிடித்தவன், ஜெர்மனியில் கர்னல் ஆனவன். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை நீ. அவனை "தொரை" என்றுதான் சொல்வாய்.

"கட்சால்காரிக்கு ஸ்வீடன்ல என்னடி வேலை?" என்று கிண்டல் செய்தேன்.

"சும்மா இரு புள்ள. தொரை சாவ பாதிரி எப்பிடி எழுதி வச்சிருக்கான் பாரு. எத்தன மணிக்குக் காய்ச்சல், எத்தன மணிக்குத் தண்ணி கேட்டாரு, யாரு கையப் பிடிச்சாரு, எல்லாம் இருக்கு. அவரு சண்டைக்கு இழுத்துக்கிட்டுப் போன குடியானவங்க கூடாரத்துல பேதில செத்தாங்க. அவங்களுக்கு ஒரே வரி. நோயினால் பலர் இறந்தனர். பலர்னா யாரு?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாய். நான் சிரித்தேன். எனக்கு அது பழைய கதை.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போன உனக்கு வயிற்று வலி வந்தது. குடல்வால் வெடிக்கலாம், உடனே போர்ட் பிளேருக்கு அனுப்புங்கள் என்று அங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் மழை, ஹெலிகாப்டர் வரவில்லை; அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாள் வந்த ஹெலிகாப்டரில் யாரோ பெரிய மனிதரின் விருந்தாளிகள் ஏறினார்கள். உன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மூன்றாம் நாள் நான் இங்கே ஹெலிகாப்டர் சீட்டு கொடுக்கும் அலுவலகத்தில் போய் நின்றேன்.

"மௌசம் கராப் ஹை, தீதி," என்றான் குமாஸ்தா. வானிலை சரியில்லையாம். அவன் பின்னால் ஜன்னலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். "தொரைக்கு ரத்தம் எடுக்க மூணு வைத்தியன் வந்தான். எனக்கு ஒரு சீட்டு அனுப்ப ஏலாமப் போச்சு பாரு," என்றாய். சிரிக்கப் பார்த்தாய். வலி விடவில்லை. அன்று மதியமே போய்விட்டாய்.

சுவரொட்டி போடும் சங்கத்தின் செயலாளர் ஒரு காண்ட்ராக்டர். உள்ளதை எழுதச் சொன்னேன்.

"எதுக்கும்மா வம்பு? பொண்ணு போயாச்சு. அவ அண்ணனுக்குக் கப்பல் ஜெட்டியில டெம்பரவரி வேல. நாளைக்கு நம்மள எவன் ஆபீஸுக்குள்ள விடுவான்?"

இரக்கம் உன் அண்ணன் மேல், பயம் தன் டெண்டர் மேல். ஆனால் அண்ணன் விஷயம் உண்மை. அவருக்கே போன் செய்தேன்.

"அண்ணே, நடந்ததப் போட்டா உங்க வேலைக்கே ஆபத்து வரலாம். வேண்டாம்னா விட்டுடறேன்."

அவருக்குப் பின்னால் கப்பலின் ஹாரன் கேட்டது.

"பேனா இருக்கா?" என்றார். "ஒவ்வொண்ணா சொல்றேன். எழுதிக்கங்க."

சொன்னார். எப்போது வாந்தி எடுத்தாய், எப்போது ஸ்ட்ரெச்சரில் ஹெலிகாப்டர் இறங்கும் திடலுக்குத் தூக்கிப் போனார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் கிடத்தினார்கள், யார் வந்து திரும்பிப் போகச் சொன்னது. எல்லாவற்றையும் சுவரொட்டியில் போட்டதில் ரோஜாப்பூவுக்கு இடமில்லை. செயலாளர் அதிலிருந்து சங்கத்தின் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். போகட்டும்.

முந்தாநாள் டெலானிபூர் ஏற்றத்தில் நானே ஒட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு வங்காளி அம்மா என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார். படித்துச் சொன்னேன்.

"மேரா பேட்டா பீ," என்றார். தன் மகனும் அப்படித்தானாம். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

இப்போது என் பையில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கம் நீ. அடுத்த பக்கம் அவர் மகன். வாங்கும்போதே தடித்த நோட்டாகக் கேட்டு வாங்கினேன்.