ஃபோர்க்கில் எவ்வளவு காற்று

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. பட்டறைத் தகரம் காலையிலிருந்து தடதட. மழைக்காலம் என்று வடநாட்டிலிருந்து திரும்பிய, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் மூன்று வாசலில். மூன்றுக்கும் கம்ப்ரசர் பிரிக்க வேண்டும். இருந்தும் ஐந்தரைக்கே எழுந்து கூட்டாளி பழனியின் கோழிப்பண்ணைக்குச் சைக்கிளை விட்டேன்.

பண்ணைக்குப் பின்னால் வறண்ட ஓடை. ஒரு கிலோமீட்டருக்குக் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. எலெக்ட்ரிக் மலைச் சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் திருச்செங்கோட்டைச் சுற்றிக் கிடையாது. ஏறும்போது மோட்டார் தள்ளிக்கொண்டே வருகிறது, ராஜா மாதிரி போகிறேன். இறங்கும்போது மானம் போகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் காற்றடைத்த ஃபோர்க் அமுங்காமல் கட்டை மாதிரி நிற்கிறது, ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டில். ஓடை முடிந்த இடத்தில் வலது கை சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. பத்து நிமிடம்.

மனைவி சுமதியிடம் சொல்லவில்லை.

சொன்னால் தீர்ந்தது. போன மாதம் இப்படித்தான் மரத்த கையோடு வேலைக்கு வந்து வால்வு ஒன்றைத் தவறவிட்டேன். கால் தப்பியது பெரிய விஷயம். அன்று அவள் சொன்னது: "இன்னொருக்கா மரத்துச்சுன்னா சைக்கிளக் குடுத்துப்போடோணும். ஸ்பேனர் புடிக்கற கைங்க அது." நானும் சத்தியம் பண்ணித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை. பழனியின் மச்சான் காபித் தோட்டத்து ஜீப் பாதை, மேலிருந்து கீழ்வரை ஒரே இறக்கம். இரண்டு மாதமாகக் கனவு. இந்த ஃபோர்க்கோடு போனால் கை காலி. கை போனால் சைக்கிளும் போச்சு.

புது ஃபோர்க்தான் வழி.

பி.கு.: பழனி கொடுத்த முட்டை ஆறு. முதுகுப் பையில் உடைந்தது நாலு. பஞ்சர் சாமான் எல்லாம் மஞ்சள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று அதே. கேஸ்கெட் வரவில்லை. இரண்டு ஃபோன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோயம்புத்தூர் சைக்கிள் கடைக்குப் பேசினேன். சரக்கு இருக்கிறதாம்! கால் தடிமன், அமுங்கும் ஓட்டம் பத்து மில்லிமீட்டர் அதிகம், உள்ளே துள்ளலை அடக்கும் டேம்பர் வேறு மாதிரி. வியாழக்கிழமை பார்சல் போட்டால் வெள்ளி கையில். சாயங்காலம் வரை ஃபோனில் அதன் படத்தையே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு வயது. வெட்கமே இல்லை.

சுமதி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இருக்கறதுக்கு என்னங்க கேடு?"

"சஸ்பென்ஷன் நல்லால்ல சுமதி. பெரிசா மாத்தோணும்."

"தறியில நூல் அறுந்தா உடனே புதுத் தறியா வாங்கறோம்? நூல் இழுப்பத்தான மொதல்ல பாப்போம். இதுல பாத்தீங்களா?"

அது வேறு இது வேறு என்றேன். குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வீட்டில் பிறந்தவள், எதைப் பார்த்தாலும் தறி. இந்த நோட்டும் அவள் வீட்டுத் தறிப்பட்டறையில் மிச்சமானதுதான். முதல் நாலு பக்கம் எந்தத் தறியில் எத்தனை முறை நூல் அறுந்தது என்று அவள் கையெழுத்து. டூல்ஸ் பெட்டி அடித்தட்டில் வைத்திருக்கிறேன், அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

விரல் இன்று சரி.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதவே கை வரவில்லை, சிரிப்பு. கொஞ்சம் அழுகையும்.

காலையில் ஒரு ரிக் ஓனர்: "கம்ப்ரசரே மாத்திரலாமுங்களா? பிரஷரே ஏற மாட்டேங்குது." நான் பெரிய மனுஷன் மாதிரி, "சித்தெ பொறுங்க, மொதல்ல கேஜப் பாப்போம்." பார்த்தால் ஒரு ஹோஸ் கசிவு. அரை மணி வேலை. கம்ப்ரசர் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறது.

பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் கடைக்காரர் ஃபோன்.

"சார், உங்க எடை எவ்வளவுங்க? ஏர் சரியா வெச்சே அனுப்பிர்றேன்."

"நூத்தி ஒம்போதுங்க."

அந்தப் பக்கம் பில் புத்தகம் புரட்டும் சத்தம். பிறகு, "போன மாசம் கடைக்கு வந்தீங்களே. அவ்வளவு தெரியலைங்களே?"

"நான் எம்பத்தி நாலுங்க. சைக்கிள் இருவத்தஞ்சு."

"சைக்கிள எதுக்குங்க சேத்தறீங்க?"

எதற்குச் சேர்த்தேன்! பத்தொன்பது வருஷமாக லாரியின் ஸ்பிரிங் பட்டைக்குப் பாரம் பார்க்கிற கை. லாரி, கம்ப்ரசர், ராடு, டீசல், டிரைவர் கட்டிய சாப்பாட்டு மூட்டை வரை கூட்டினால்தான் எங்களுக்கு எடை. ஃபோர்க் காலில் ஒட்டிய அட்டவணையில் ஓட்டுபவர் எடை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. படித்தேன். படித்துவிட்டு, பாவம் சைக்கிளை மறந்துவிட்டார்கள் என்று நானே கூட்டினேன். எண்பத்திரண்டு போதும் என்கிற இடத்தில் நூற்றாறு பவுண்டு காற்று. நாலு மாதம். கல்லையா குறை சொன்னேன், ஃபோர்க்கையா!

கடைக்காரர் நல்ல மனுஷன். "இறக்கத்துல அடிமட்டம் வரைக்கும் போயி முட்டுச்சுன்னா பெரிய ஃபோர்க் வேணுமுங்க. உங்களுது பாதி கூட எறங்கியிருக்காது. மொதல்ல செட் பண்ணிப் பாருங்க, திங்கக்கிழமை சொல்லுங்க." பார்சல் நிறுத்தம்.

ஏமாற்றமா சந்தோஷமா, தெரியவில்லை. ஃபோனில் அந்தப் புது ஃபோர்க் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். பட்டறை அடைத்ததும் சுமதியைக் கூப்பிட்டேன், சைக்கிளைப் பிடிக்க ஆள் வேண்டும். கூட்டல் கதையைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம். மேலே ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு வளையம் நகரும். மொத்த ஓட்டம் நூற்றைம்பது மில்லி. அதில் முப்பது, முப்பத்தைந்து அமுங்க வேண்டும்.

பழைய காற்றில்: 17. (அய்யோ.)
82 பவுண்டில், தண்ணீர் பையோடு: 33.

அளந்தது சுமதி, ஜவுளி டேப்பில். "முப்பத்தி மூணுங்க. ஆடாம உக்காருங்க, இருங்க, இன்னொருக்கா அளக்கறேன்." இரண்டாம் தடவையும் 33. அவளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓடை, காலை ஆறு. கல்லில் இறங்கினால் மெத்து மெத்து! கத்திவிட்டேன். பழனி பண்ணையிலிருந்து திரும்பக் கத்தினான், "டேய் மாப்ள, கோழி மெரளுதுடா!"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஃபோர்க் அமுங்கியபின் வெடுக்கென்று துள்ளி எழுந்தது. எழும் வேகத்தைக் குறைக்க ஃபோர்க் அடியில் ஒரு சிவப்புத் திருகு, பெயர் ரீபவுண்ட். அதைத் திருப்பினேன். கை சும்மா இருக்குமா, அமுங்கும் வேகத்துக்கான மேல் திருகையும் திருப்பினேன். காற்றும் கொஞ்சம் இறக்கினேன். அடுத்த இறக்கத்தில் தலைகுப்புற ஓடைக்கரை மணலில். முழங்கையில் சிராய்ப்பு. எது கெடுத்தது என்று எனக்கே தெரியவில்லை.

சுமதி டிஞ்சர் வைத்துக்கொண்டே: "மூணையும் ஒண்ணாத் திருப்புனா எதுன்னு எப்படிங்க தெரியும்? தறியில ஒரு நேரத்துல ஒரு திருகுதான். சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுட்டுத் திருப்போணும்."

இந்த முறை தறி வேறு இது வேறு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். சம்பளம் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு ஓடை. காற்று 82-க்கே. மேல் திருகு பழைய இடத்துக்கே. சிவப்பு மட்டும், ஒவ்வொரு கிளிக்காக. திருகின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு.

4: துள்ளல்
5: கொஞ்சம்
6: !!!
7: சோம்பல், அடுத்தடுத்த கல்லில் எழ நேரமில்லை

ஆறு. ஆறேதான். அதே ஃபோர்க், அதே ஓடை. ஒன்பது முறை இறங்கினேன், பேட்டரி ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. விரல் பத்தும் சுறுசுறுப்பு. சந்தோஷத்தில் பழனியை இரண்டு கிலோமீட்டர் பின்னால் வரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாளை மட்டும் தாங்கிவிட்டால் போதும். சாமி, அந்த மலை இறக்கம் ஓடையைப் போல எட்டு மடங்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொல்லிமலை. மேலே மூடுபனி, மிளகுக்கொடி ஈரம். பழனி முன்னால், நான் பின்னால். நாற்பது நிமிடம் பிரேக்கும் கல்லும் சேறும். நடுவில் ஒரு திருப்பத்தில் வேர் மேல் ஏறிப் பறந்தேன், பறந்தேன் என்றால் அரை அடி, ஆனாலும் பறத்தல்தானே. இறங்கியது பூனை மாதிரி. வளையத்தைப் பார்த்தேன், 138. முட்டவில்லை. புது ஃபோர்க் வேண்டாம். இப்போதைக்கு!

அடிவாரத்தில் சுமதி வேனில் காத்திருந்தாள். கையுறையைக் கழற்றி, என் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாகக் கிள்ளினாள்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

"இது?"

"தெரியுது."

மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நகம் பதியக் கிள்ளினாள். அலறிவிட்டேன். வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திங்கட்கிழமை மரத்ததைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சத்தியம் பண்ணிவிட்டு மறைத்தேனே என்று உறுத்துகிறது. சொல்லவில்லை.

பி.கு.: இன்றும் முதுகுப் பையில் பழனி கொடுத்த முட்டை ஆறு. உடைந்தது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. கேஸ்கெட் வந்துவிட்டது. கடைக்காரருக்கு ஃபோன் பண்ண வேண்டும்.

நோட்டைத் திறந்தால் எனக்கு முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். நீல மை, சாய்ந்த கையெழுத்து, முதல் நாலு பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து:

"போன திங்கக்கெழமை ரெண்டு வெரலு மரத்தத அன்னைக்கே படிச்சுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இனி நோட்டுல எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைல ஓடைக்கு நானும் வாரேன், நாந்தான் ஓட்டுவேன். காத்து எறக்கி வெய்யுங்க. என்ற எடை 61. சைக்கிளச் சேத்தாதீங்க."