திரும்பச் சொல்லாத சாட்சி

அம்மா,

மைக்கின் தலையில் மாட்டும் பஞ்சுக்கு ஒரு வாடை உண்டு. எச்சிலும் முகப் பவுடரும் யாரோ வாயில் அடக்கிய கிராம்பும் சேர்ந்து ஊறிய வாடை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சபைக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் முறை எனக்கு வருகிறது. அன்று அந்தப் பஞ்சைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடுவேன். அப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இன்று காலை மறந்துவிட்டேன். அந்த வாடை என்னை நேராகப் பதினேழு வயதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வேலையைப் பாதியில் விட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ பார்த்த தகரக் கொட்டகை இப்போது இல்லை. கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்தாயிற்று. காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப் நாற்றம் மட்டும் அன்றைக்குப் போலவே ஆராதனை நடுவில் வந்துவிடும். நான் வயரிங் வேலை பார்க்கிறேன். சபையின் மைக் செட்டும் பன்னிரண்டு வருடமாக என் பொறுப்புதான். ஆனால் இத்தனை வருடத்தில் மைக்கில் நான் பேசியதில்லை. 'ஹலோ, ஹலோ' என்றுகூடச் சொல்ல மாட்டேன். விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குக் கூச்சமே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

கல்யாணமான மூன்றாம் வருடம், பக்கத்து வீட்டுக் கமலா சிஸ்டர் கைபிடித்து அழைக்க, சபைக்கு வந்தவள் நீ. ஞானஸ்நானம் எடுத்துப் பேரை மாற்றிக்கொண்டாய். பூ வைப்பதை விட்டாய். பிறந்த வீட்டில் உன்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பா மட்டும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சபைக்கு வந்து பிரியாணி சாப்பிடுவார், கடைசிவரை உன்னைப் பழைய பேரில் 'லட்சுமி' என்றே கூப்பிட்டார். அவர் ஒட்டன்சத்திரத்துக்கும் கேரளாவுக்குமாகக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நீயும் நானும் ஆண்டவரும்தான் இருந்தோம்.

சாயங்காலம் ஏழு மணி ஜெபம் முடியாமல் அடுப்பில் தோசைக்கல் ஏறாது. பாயை விரித்து இருவரும் முழங்கால் போடுவோம். உன் இடது கை என் பிடரியில் இருக்கும். பொய் சொன்னதற்காக நீ என்னை ஒருநாளும் அடித்ததில்லை. டியூஷனுக்கு மட்டம் போட்டு மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்து, டியூஷனில் பரீட்சை என்று அளந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சரி என்று தலையாட்டிவிட்டாய். முழங்கால் போட்ட பிறகு, கண்ணை மூடியபடியே, "அப்பு, சாயங்காலம் என்கிட்ட ஒண்ணு சொன்னியே, அதையே இப்ப ஆண்டவரு முன்னாடி திரும்பச் சொல்லு" என்றாய். எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குமேல் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோசையை முறுகலாகச் சுட்டுப் போட்டாய்.

ஓய்வுநாள் பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஆண்டவரை மேகத்தின் மேல் வைத்துப் படம் வரைந்தார்கள். எனக்கு அவர் நம் வீட்டுப் பாயில், உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பவர். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவர். என் விசுவாசம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பாயில்தான் உண்டானது.

நான் பிளஸ் டூ படிக்கையில் உனக்குக் கட்டி வந்தது. எந்த இடத்தில் என்று நீ சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்தே எனக்குப் புரிந்தது, ஒரு தாய் வயது வந்த மகனிடம் சொல்லக் கூச்சப்படும் இடம் என்று. திண்டுக்கல் டவுனில் லேடி டாக்டர் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாய். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உனக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வீட்டுக்கு வந்து, "வலி விட்டிருச்சுப்பு. கரைஞ்ச மாதிரி இருக்கு" என்றாய். கரைந்துவிட்டது என்று நீ சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது. அவ்வளவு ஆசை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்து மைக்கை வாங்கினேன். நம் சபையில் சுகம் பெற்றவர்கள் சொல்லும் சாட்சிகளை நான் பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தவன். எல்லாச் சாட்சியிலும் ஓர் இடத்தில், டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்று வரும். அது வந்தால்தான் ஸ்தோத்திரச் சத்தம் தகரத்தை அதிரவைக்கும். "எங்கம்மாவுக்கு இருந்த கட்டி கரைஞ்சு போச்சு" என்றேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லேலூயா கேட்டது. எனக்கு அது போதவில்லை. பஞ்சில் உதடு பட, "டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்லையேம்மான்னு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு" என்றேன். சபை முழுவதும் எழுந்து நின்றது.

நீ பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாய். கமலா சிஸ்டர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதது. நீ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னையே பார்த்தாய். உன் உதடு மெல்ல ஆமென் என்று அசைந்தது. ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர், "அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டப் பத்திரமா வச்சுக்கங்கம்மா. மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா காட்டிருங்க" என்றார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று நம் சபையில் உன்னிடம் யாருமே சொல்லவில்லை. உன்னைப் போகவிடாமல் மறித்தது நான் மைக்கில் சொன்னதுதான்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முழங்கால் போட்டோம். உன் கை பிடரிக்கு வந்தது. நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ அப்பாவுக்காக ஜெபித்தாய், என் பரீட்சைக்காக ஜெபித்தாய், ஆமென் சொல்லி எழுந்து தோசைக்கல்லை வைத்துவிட்டாய். ஏன் கேட்கவில்லை அம்மா? அத்தனை பேர் முன்னால் நின்ற பிள்ளையைக் கூனிக் குறுக வைக்க உனக்கு மனம் வரவில்லை. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் பதினான்கு வருடமாக உன்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான்.

கட்டி கரையவில்லை என்று பிறகு எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எந்நேரமும் தோளில் துண்டைப் போட்டு மூட ஆரம்பித்தாய். இடது கை வீங்கி வளையல் இறங்கவில்லை. ஜெபத்தில் என் பிடரியில் அந்தக் கைக்குப் பதில் வலது கை வந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் பார்க்காதவன்போல ஸ்கூலுக்குப் போய்வந்தேன். அப்பா போனில் கேட்டபோதெல்லாம் "அம்மா நல்லா இருக்குப்பா" என்றேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். நான் பயந்தது அதற்குத்தான், நீ செத்துப்போவாய் என்பதற்கு அல்ல.

கண் மஞ்சளான பிறகுதான் அப்பா உன்னை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். பதினெட்டு நாள் இருந்தாய். அடக்கத்துக்கு வந்த சபையார் உனக்கு வந்தது காமாலை என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். கட்டி எப்போதோ சுகமாகிவிட்டது, காமாலைதான் கொண்டுபோய்விட்டது என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். உன்னைப் புதைத்த பிறகும் என் சாட்சி உயிரோடு இருந்தது. அப்பா அதன்பின் கிறிஸ்துமஸுக்கும் வருவதில்லை. என்னை மட்டும் ஒரே ஒருமுறை கேட்டார், "ஏன்டா, கூடவே இருந்த நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று.

நீ போய் ஒரு வருடம் கழித்துக் கமலா சிஸ்டர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னது. "உங்கம்மாவ ஒருநா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் தம்பி. என்னக்கா இந்தப் பக்கம்னேன். பூ வாங்க வந்தேன்னுச்சு. நம்ம சபையில யாரு பூ வைக்கிறா? நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்." வீட்டுக்கு வந்து உன் வேதப்புத்தக உறையின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே நான்காக மடித்த ஒரு சீட்டு. வத்தலக்குண்டு டாக்டர் ஒருவர் எழுதியது. உடனே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். மேலே பேர் இருந்த இடத்தில் முத்துலட்சுமி என்று இருந்தது.

திண்டுக்கல்லில் எந்த டாக்டரிடம் போனாலும் சபை ஆள் யாராவது பார்த்துவிடுவார்கள், உன் பிள்ளை பொய்யன் ஆகிவிடுவான். அதற்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய், நீ விட்டுவிட்ட பேரைச் சொல்லி வைத்தியம் கேட்டிருக்கிறாய். அங்கேயும் கமலா சிஸ்டர் கண்ணில் பட்டதும், பொய் சொல்லிப் பழக்கமில்லாத உனக்குப் பூ என்றுதான் வாயில் வந்திருக்கிறது. அதன்பின் நீ எங்கேயும் போகவில்லை. பெற்ற பிள்ளையிடம் பொய்யே பொறுக்காத நீ, அந்தப் பிள்ளையின் பொய்க்குக் காவலாக இருந்து செத்தாய்.

இத்தனைக்குப் பிறகும் எதற்குச் சபைக்குப் போகிறாய் என்று அப்பா கேட்கிறார். விசுவாசம் விட்டுப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்க ஆளில்லாத பொய்யை மறந்துவிடலாம். பாயில் நடுவே இருந்தவர் எழுந்து போகவில்லை, அதுதான் என் கஷ்டம்.

போன ஞாயிறு கமலா சிஸ்டர் ஒரு பெண்ணை என்னிடம் கூட்டி வந்தது. மலர் என்று பேர். சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர்கள், புதிதாக ஜெபத்துக்கு வருகிறார்கள். "இந்தத் தம்பிகிட்டயே கேளு மலரு. இவங்கம்மாவுக்கும் இதே மாதிரி கட்டிதான். டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு!" என்றது. அந்தப் பெண் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "நெசமாவாண்ணே? நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கிழம டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகவா, ஜெபத்துலயே இருந்துருவான்னு தெரியல" என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் ஒயரைச் சுற்றுவதுபோலக் குனிந்துகொண்டு, "அம்மா நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது மணி மூன்று. வண்டியை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டிக்குப் போய், மலரையும் அவள் புருஷனையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். மலர் எழுந்துவிட்டாள். "இம்புட்டு நாளா அதத்தானண்ணே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப எதுக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது. புருஷன் வண்டிவரை வந்தான். "திங்கக்கிழம நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க இனிமே இங்க வராதீங்க" என்றான். சரி என்றேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பஞ்சு காய்ந்துவிட்டது. மாட்டிவிட்டேன். நாளை சாட்சி நேரத்தில் நான் எழுந்திருப்பேன். கமலா சிஸ்டரின் முகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. உன் சாவைப் பற்றி அது ஆறுதலாக நம்பிக்கொண்டிருப்பதையும் நாளை நான் பிடுங்க வேண்டும். அப்புறம் இந்தச் சபையில் எனக்கு இடம் இருக்குமா தெரியாது, மைக் செட்டைப் பார்க்க வேறு ஆள் பிடிப்பார்கள்.

இப்போது மைக் சுவிட்சைப் போட்டிருக்கிறேன். விரலால் தட்டவில்லை. எதிரே காலி நாற்காலிகள். பிடரியில் உன் கை இருக்கும் இடம் இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. நீ கேட்காமல் விட்டுவிட்டாய், நானே திரும்பச் சொல்கிறேன். டாக்டர் பார்க்கவில்லை, அம்மா. ஸ்கேன் எடுக்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.