இரண்டு பாட்டிலும் ஒரே நிறம்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள் அக்கா. செத்துப்போனவரிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் இதுதான் முதலில் வந்தது. வேறு யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன். என் அப்பாவிடம் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் கிரைப் வாட்டர் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தேன். சீயக்காய் போட்டு எத்தனையோ முறை கழுவியும் மூடிக்குள் இருக்கும் தக்கையில் சதகுப்பை வாசனை போகவில்லை. குழந்தையின் வாசனை என்பீர்கள். மூன்று மாதக் குழந்தையைக் காட்டூரில் மாமியார் கையில் விட்டுவிட்டு லால்குடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த அன்று உங்கள் பையில் தவறிப்போய் வந்துவிட்ட பாட்டில் அது. பின்னால் அதில் என்ன நிரப்பினோம் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

உங்கள் பையனுக்குக் காய்ச்சலாம் அக்கா. ஒரு மாதமாக, தினமும் சாயங்காலத்தில். இன்று ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

நாம் முதலில் பேசியது ரயிலில். செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போக, லால்குடியிலிருந்து வரும் பாசஞ்சரில் நீங்கள் இருப்பீர்கள். ஸ்ரீரங்கத்தில் நானும் அம்மாவும் ஏறுவோம். பெண்கள் பெட்டியில் நாம் இருவரும் வாயில் முந்தானையையும் கைக்குட்டையையும் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்ததில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோம். சில வாரம் கழித்து, லால்குடிப் பெண் துணைக்கு இருக்கிறாள், அவள் அப்பாவும் அடுத்த பெட்டியில் வருகிறார் என்று அம்மா என்னைத் தனியாக அனுப்பத் தொடங்கினாள். உங்களை நம்பித்தான் அனுப்பினாள். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. பெரிய மாத்திரை காலையில் பத்து, ராத்திரி பத்து. சின்னது ஒன்றும் செய்யாது. பெரியதுதான் ஆளைக் கொல்லும். விழுங்கிய அரை மணியில் நெஞ்சுக்குக் கீழே அடுப்பு மூட்டினாற்போல் எரியும், வாயில் புளித்த நீர் ஊறும், பிறகு வயிறு போகும். டி.பி. என்ற சொல்லை அம்மா எங்கள் வீட்டில் யாரையும் சொல்ல விட்டதில்லை. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லி நான் மறுபடி பள்ளிக்கூடம் போனபோது, வயிற்றுக் கோளாறு என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பொய்யை மருந்தே உண்மையாக்கிவிட்டது. கணக்கு வகுப்பில் மூன்றாவது முறை எழுந்து நின்றபோது டீச்சர், "உனக்கு பெஞ்சியை வெளியிலேயே போட்டுடலாமா?" என்றார். வகுப்பே சிரித்தது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சோற்றுக்கு நடுவில் ஐந்து, மோர்சாதத்துக்குப் பிறகு ஐந்து, உடனே நார்த்தங்காய்த் துண்டு, பிறகு அரை மணி அசையாமல் உட்காருவது. எரிச்சல் போகாது, தாங்கும்படி இருக்கும். உங்களிடம் சொன்னேன். நீங்களும் செய்து பார்த்தீர்கள். "நெருப்பைத் தின்னுட்டு மேல சோத்தைப் போட்டா சோறு எங்க பாப்பா ஒட்டும்?" என்றீர்கள்.

உங்களுக்குச் சோறு ஒட்ட வேண்டியிருந்தது. பழைய உடம்போடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று காட்டூரிலிருந்து எழுதிவிட்டார்கள். எக்ஸ்ரே என்ன சொல்கிறது, சளியில் என்ன இருக்கிறது, எதுவும் அவர்களுக்கு வேண்டாம். உடம்பு வேண்டும். உங்கள் அப்பா மாதம் தவறாமல் உங்களை ரைஸ்மில்லுக்கு அழைத்துப்போய் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்தார். நீங்களே அதை நடித்துக் காட்டினீர்கள். "ஒரு பக்கம் படிக்கல்லு, ஒரு பக்கம் நான். மில் ஆளுங்க எல்லாம் வேலைய விட்டுட்டுப் பார்க்கிறாங்க. மூட்டைன்னா ஒரு தடவை நிறுத்தா வித்துடலாம். என்னை மாசாமாசம் நிறுத்தும் வாங்க ஆள் இல்ல." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மாதம் நீங்கள் இரண்டு பவுண்டு குறைந்திருந்தீர்கள்.

மார்கழியில்தான் அதைப் பார்த்தேன். திரும்பி வரும் ரயில் காவிரிப் பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் கும்பிட்டுக் காசு போட்டார்கள். நீங்களும் மடியிலிருந்து எடுத்துப் போட்டீர்கள். வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றாக. காசு இல்லை, பெரிய மாத்திரை. எதிரே இருந்த அம்மாள், என்ன வேண்டுதல் என்று கேட்டாள். உடம்பு தேற வேண்டும் என்று சொல்லிக் கும்பிட்டீர்கள். அவளும் உங்களுக்காக ஓர் அணா போட்டாள்.

நான் பயந்துபோய் உங்கள் கையைப் பிடித்தேன். சின்ன மாத்திரைதான் மருந்து, பெரியது வயிற்றை எரிக்க மட்டும்தான் என்றீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கிருமி அடங்கும், ஒன்றை விட்டால் மற்றதும் வேலை செய்யாமல் போய்விடும் என்று டாக்டர் நம் இருவருக்கும் எதிரிலேயே சொல்லியிருந்தார். ஆனால் பெரியதை விட்ட இருபது நாளில் உங்களுக்குப் பசி எடுத்தது. பழையதும் சுண்டைக்காய் வற்றலும் இரண்டு தட்டு சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். கன்னம் தெரிந்தது. இருமலும் இல்லை. டாக்டர் சொன்னதை நம்புவதா, கண்ணால் பார்ப்பதை நம்புவதா? நான் கண்ணை நம்பினேன்.

தை மாதம் டாக்டர் புதிய முறை கொண்டுவந்தார். எல்லாரும் காலையில் போகும் சிறுநீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். நர்ஸ் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஏதோ மருந்து நாலு சொட்டு விடுவார். பெரிய மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஊதாவாக மாறும். மாறாவிட்டால் வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். உங்கள் அப்பா வெளியே பெஞ்சியிலேயே இருப்பார்.

அடுத்த செவ்வாய் ரயில் பெட்டியில் அந்தக் கிரைப் வாட்டர் பாட்டிலை என் மடியில் வைத்தீர்கள்.

"வீணாப் போறதுதானே பாப்பா. எனக்குக் கொஞ்சம் கொடுத்தா உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

ஏன் சம்மதித்தாய் என்று யாராவது கேட்டால், பாவமாக இருந்தது என்று சொல்லலாம். அது பாதிதான். எங்கள் வீட்டில் என் தட்டு தனி, டம்ளர் தனி, நான் குளித்த இடத்தில் அம்மா டெட்டால் ஊற்றுவாள். என் உடம்பிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் எல்லாரும் ஒதுங்கும்போது நீங்கள் மட்டும் கை நீட்டிக் கேட்டீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. இதை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் அசிங்கமாக இருக்கிறது.

அதன்பிறகு வாராவாரம் இரண்டு பாட்டில் நிரப்பினேன். நர்ஸ் நம் இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் ஒரே நிறம். இவர்கள் மாதிரி எல்லாரும் இருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். நீங்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி நோட்டில் வரிசையாக 'ஊதா', 'ஊதா' என்று எழுதினார்கள்.

பங்குனியில் தராசு சரியாகச் சொல்லிவிட்டது. சித்திரையில் காட்டூரிலிருந்து வண்டியோடு வந்து அழைத்துப்போனார்கள். அதற்கு முந்தின செவ்வாய்தான் நம் கடைசி ரயில். என் கையை எடுத்து உங்கள் கன்னத்தில் வைத்து, "கிள்ளிப் பாரு, வருது" என்றீர்கள். வந்தது. அந்தச் சதை முழுக்க என் மோர்சாதமும் என் எரிச்சலும் என் ஓட்டமும் என்று இப்போது தோன்றுகிறது. நான் எரிந்தேன், நீங்கள் தேறினீர்கள்.

ஆடியில் உங்களுக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஆவணியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தபோது அந்தக் கன்னம் இல்லை. டாக்டர் உங்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பிட்ட பெண்ணுக்கு ஏன் இப்படி என்று நர்ஸிடம் கேட்டார். அந்த நோட்டை நம்பி அதே மருந்தையே இன்னும் சில வாரம் கொடுத்துப் பார்த்தார். நான் கட்டில் அருகில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"சொல்லிடாதே. ஏமாத்தி வந்து சேர்ந்தான்னு சொல்லுவாங்க. என் புள்ளைய அப்புறம் யாரும் நல்லபடியா வளர்க்க மாட்டாங்க."

சொல்லவில்லை. ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று உங்கள் அப்பா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். குழந்தை இளைத்துக்கொண்டே போகிறானாம். உடனே கொண்டுவாருங்கள், படம் எடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். காட்டூரில் விட மாட்டேன் என்கிறார்களாம். எங்கள் வீட்டுக்கு அவள் குணமாகித்தான் வந்தாள், நோட்டிலேயே எழுதியிருக்கிறது, ரத்தம் வந்ததும் லால்குடிக்கு அனுப்பிவிட்டோம், பிள்ளைக்கு எங்கேயிருந்து வரும், பல் முளைக்கிற காய்ச்சல், அந்த ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி அவன் பேரையும் கெடுக்க வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம்.

பிறகு உங்கள் அப்பா என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினார். "பாரும்மா, எம் பொண்ணு எவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டிருக்கா. அந்தச் சாமிக்குக் கண் இல்ல." என் தலையில் கை வைத்து, நீயாவது நல்லா இரும்மா என்றார். அவர் விரல் வைத்த ஒவ்வொரு வரியும் என்னுடையது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவிக் கொடுத்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது அக்கா. உங்களுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினைந்து. இரண்டு மாத்திரையும் வேண்டும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். எரிகிறது, தாங்க முடியவில்லை என்று ஒருநாள் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். பாதி பாதியாகப் பிரித்துத் தந்திருப்பார். வேறு ஏதாவது தந்திருப்பார். அவரிடம் சொல்ல வாய் வராமல், என்னிடம் கேட்க வாய் வந்தது. நானும் எரிகிறது என்று அவரிடம் சொன்னதில்லை. நர்ஸ் கேட்டால், ஒன்றும் இல்லை, சரியாக இருக்கிறது என்பேன். நாம் இருவருமே நல்ல பெயர் வாங்கினோம்.

நீங்கள் போன பிறகும் நான் இருபது மாத்திரையையும் விழுங்குகிறேன். பக்தி இல்லை, பயம். எரியத் தொடங்கும்போதெல்லாம், இது உங்களுக்கும் எரிந்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொள்வேன். எரிச்சல் அதனால் குறைவதில்லை.

வாக்கு மீறத்தான் போகிறேன். சொன்னால் அந்த நோட்டு செல்லாது. நோட்டு செல்லாவிட்டால் மாமியாருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்காது. உங்கள் அப்பா பையனைத் தூக்கிக்கொண்டாவது வருவார். உங்களை ஏமாற்றுக்காரி என்பார்கள். என்னை அதைவிட மோசமாகச் சொல்வார்கள். அம்மா அடிப்பாள். ஆஸ்பத்திரியில் என் பெயரை அடித்துவிடுவார்களோ, போலீசுக்குச் சொல்வார்களோ தெரியவில்லை. அடுத்த செவ்வாய் வரை வைத்துக்கொண்டிருந்தால் நான் மறுபடி தலையைக் குனிந்துகொள்வேன். அதனால் நாளைக் காலையில், பால் வருவதற்கு முன்னால் அம்மாவிடம்

தட்டுகிறாள். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. ராத்திரி மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வந்திருப்பாள். சாப்பிட்டேன் என்று சொல்கிற கையோடு, இதையும்