பிட்ஸ்பர்க்காரரின் இங்கிலீஷும் நீயும்

கல்கத்தா காளிகாட் கடையில் கறிவேப்பிலைக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அதைக் கழற்றும்போது என் வாய் தானாக ‘கம்பேண்டு’ என்றது. நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சொல் இன்னும் போகவில்லை.

கார்டன் ரீச்சில் கப்பல் பம்புகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் நாம் இருவரும் டைப்பிஸ்டுகள். உனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். பம்பு விற்ற அமெரிக்கக் கம்பெனி, பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பியது. அவர் சொல்லச் சொல்ல நீ சுருக்கெழுத்தில் எடுத்தாய்.

முதல் கடிதத்திலேயே வம்பு. ‘தி பம்ப் நீட்ஸ் வாஷ்ட்’ என்று அடித்திருந்தாய். பொரோபாபு என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை குமாஸ்தா தாளை உன் மேஜையில் எறிந்தார். “நடுவில் ‘டு பி’ எங்கே? இந்த இங்கிலீஷுக்கு நிரந்தர வேலையா?”

“மாத்தி அடிச்சிடு, வம்பு வேண்டாம்” என்றேன் உன் காதில்.

“ஏளா, அவரு சொல்லாததை எப்பிடி அடிக்க? மாத்தமாட்டேன்.”

நோட்டுப்புத்தகத்தோடு நேரே இன்ஜினியர் அறைக்குப் போனாய். பின்னாலேயே பொரோபாபு, அவர் பின்னால் நான். நீ வாசித்துக் காட்டியதும் அந்த மனிதரின் முகம் சிவந்துவிட்டது. “நான் சொன்னதுதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு இது. நியூயார்க்கில் பேசினால் சிரிப்பார்கள்.”

நீ விடவில்லை. “வேறென்ன சொல்வீர்கள்?”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ‘நீங்களெல்லாம்’ என்பதற்கு ‘யின்ஸ்’. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் ‘நெபி’. வீட்டை ஒழுங்குபடுத்துவது ‘ரெட் அப்’. ரப்பர் பேண்டு ‘கம்பேண்டு’. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாய். கடிதத்தை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே உன் வேலை நிரந்தரமானது.

கடிதம் கையெழுத்தான அன்று மாலை டிராமில் சொன்னாய்: “என் திருநெல்வேலிப் பேச்சுக்கு நீ எத்தனை நாள் சிரிச்சிருக்க! அந்த மனுசன் மொகம் சிவந்தப்ப என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு.” உன் குரலில் கோபமில்லை. அதனால்தான் சுட்டது. அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். என் மகள் பாதி வங்காளமும் பாதித் தமிழுமாகப் பேசியதைக் கேட்டு உறவினர்கள் சிரித்தார்கள். அவள் சட்டென்று அடங்கிப்போனாள்.

“அவ பேசுறது கல்கத்தாத் தமிழ். புரியலைன்னா கேளுங்க, சொல்றேன்” என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

சிரிப்பு நின்றது. அவள் மறுபடி பேசினாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.