நகர மறுத்த புயலும் செக்ரட்டரியின் பூட்டும்

அன்பு மகள் சஃப்ரீனுக்கு, தாராவியிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை சிராஜும் அந்த டப்ளின் குளிரில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நானும் உன் வாப்பாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். கடிதம் என்றால் யாரும் இப்படித்தான் தொடங்குவார்கள், ஆனால் அந்த 'உயிரோடு' என்பதை நான் இந்தத் தடவை சும்மா எழுதவில்லை. உன்னோடு வேலை பார்க்கிற மாட்டுங்கா பையன் கௌசிக் லீவு முடிந்து திரும்புகிறான் என்று சொன்னான், அவனிடம் கருவாடும் மசாலாப் பொடியும் கொடுத்து விடுகிறேன், கூடவே இந்தக் கடிதமும். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதைச் சொல்லாதே இதைச் சொல்லாதே என்று கண்ணைக் காட்டுகிற உன் வாப்பாவை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல? உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பரவாயில்லை, மெதுவாகப் படி.

புயல் நேரத்தில் "கொஞ்சம் காத்து, கொஞ்சம் மழை, அவ்வளவுதான்" என்று உன்னிடம் சொன்னது முழுப் பொய். அந்தப் புயலுக்கு ஏதோ ஒரு பேர் வைத்தார்கள், என் வாயில் நுழையவில்லை. டிவியில் ஒருத்தன் தாதர் கடற்கரையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி, உலகமே முடிந்த மாதிரி கத்தினான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆள் சாவகாசமாகப் பாவ் ரொட்டி தின்றுகொண்டு நடந்து போனான். இவர்கள் கத்திக் கத்தியே நிஜமாக ஒன்று வரும்போது நம்ப ஆளில்லாமல் போய்விட்டது. புயல் குஜராத்துக்குப் போகிறது, ஆனால் ரொம்ப மெதுவாகப் போகிறது, சைக்கிள் மிதிக்கிறவன் கூட அதை முந்திவிடுவான் என்றார்கள். அதைக் கேட்டு நம் சந்துக் கமிட்டி செக்ரட்டரி வெங்கடேஷ் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனை உனக்குத் தெரியும், பேனர்களில் கைகூப்பிச் சிரிப்பானே அவன்தான். மெதுவாகப் போகிற புயலுக்குப் பலம் கிடையாது, யாரும் பயப்பட வேண்டாம், உங்கள் வெங்கடேஷ் உங்களோடு இருக்கிறான் என்று தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை சொன்னான். சொல்லிவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை காரில் ஏற்றிக்கொண்டு பாண்டுப்பில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். பலமில்லாத புயலுக்கு ஏன் பாண்டுப் வரைக்கும் ஓட வேண்டும் என்று கேட்க மைக் என்னிடம் இல்லை.

அவன் போனதில் எனக்கு வருத்தமில்லை. சொசைட்டி ஹாலின் சாவியையும் கொண்டு போனான், அதுதான் விஷயம். நம் சந்தில் எல்லாம் தகரக் கூரை. கான்கிரீட் போட்டது அந்த ஹால் ஒன்றுதான், அதுவும் படியேறிப் போகிற உயரத்தில். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் என்று எல்லாரும் சேர்ந்து கட்டினது, இப்போது அவன் பிறந்தநாளுக்கு மட்டும் திறக்கிறது. இன்னொரு பெரிய மனுஷனையும் சொல்லி விடுகிறேன், உன் சின்ன வாப்பா முகைதீன். வாஷியில் பதினாறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடுங்கள் என்று வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்ற ஒரு வார்த்தை மட்டும் எதிலும் இல்லை. நீயும் சும்மா இல்லை, சிவப்பும் மஞ்சளுமாகப் புயல் சுழல்கிற படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாய். அதைப் பார்த்து நான் என்ன செய்ய, ஜன்னலில் ஒட்டவா?

முதல் நாள் மழை மட்டும்தான். வாப்பாவின் பட்டறைத் தையல் மெஷின்களைப் பலகை மேல் ஏற்றி வைத்தோம், தைத்து வைத்த பைகளை மேல் மாடிக்குக் கொண்டு போனோம். மறுநாள் விடிந்தால் புயல் கரையைத் தாண்டிப் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். விடிந்த பிறகு பார்த்தால் அது கடலில் அதே இடத்தில் நிற்கிறது. காற்று ஒரு நிமிஷம் கூட ஓயவில்லை. தலைக்கு மேல் லோக்கல் ரயில் போகிற மாதிரி சத்தம், ஆனால் ரயில் என்றால் போய் முடியும், இது முடியவே இல்லை. வேகமாக அடித்துவிட்டுப் போகிற புயலை மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். இது ஒவ்வொரு ஆணியாகத் தேடித் தேடிப் பிடுங்கியது. மத்தியானம் கரண்ட் போனது. வாப்பாவின் மூச்சுக்கு வைக்கிற மெஷின் நின்றது. அதே நேரம் சாக்கடை நாலா நிறைந்து கறுப்புத் தண்ணீர் பட்டறைக்குள் ஏறியது. கீழே போக முடியாது, மேலே கூரை தூக்கித் தூக்கிப் போடுகிறது, நடுவில் மூச்சு இழுக்கிற உன் வாப்பாவும் நானும். எதிர் வீட்டு டெம்போ டிரைவர் வெயிலுமுத்து ஒரு கயிற்றை வீசி, எங்கள் கூரையை அவன் வீட்டு இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டினான். அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நான் நின்றேன் சஃப்ரீன், ஐம்பத்தெட்டு வயதில். அஸர் தொழுகை நேரம் போல இருக்கும், ஆனால் பொழுது சாய்ந்த மஃரிப் மாதிரி இருட்டு. ஒரு தகரம் நடுங்கிக்கொண்டே இருந்தது, பிறகு காகிதம் மாதிரி மடங்கிப் பறந்து போனது. பின்னாலேயே இரண்டாவது. மழை அப்படியே கட்டில் மேல் கொட்டியது.

அப்போதுதான் உன் வாப்பா பேசினார். நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன், நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எனக்கு உத்தரவு போடுகிறார். "நீ முன்னால போ புள்ள, நான் மெதுவா வாரேன்."

எங்கே வருவார்? எப்படி வருவார்? எனக்கு வந்த கோபத்தில் புயல் சத்தமே காதில் விழவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க சொன்னத ஒரு தடவையாச்சும் கேட்டுருக்கேனா? இப்பம் மட்டும் கேக்கவா?" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்து வெயிலுமுத்துவைக் கூப்பிட்டேன். அவன் வந்தான். வெளியே இருக்கிற அந்த இரும்பு ஏணிப்படி உனக்குத் தெரியுமே, வெயிலில் கூட ஒரு ஆள்தான் இறங்கலாம். என் பழைய சேலையால் வாப்பாவைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். அவன் பெண்டாட்டி மாரிசெல்வி கீழே இடுப்புத் தண்ணீரில் நின்று அவன் காலைப் பிடித்துப் பிடித்துப் படியில் வைத்தாள். நான் பின்னால் பட்டறைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் தெரியாது.

ஹால் வாசலில் ஏற்கெனவே ஜனம் நிற்கிறது. கைக்குழந்தைக்காரிகள், கிழடுகள், எல்லாரும் படியில் மழையில் நனைந்துகொண்டு, ஷட்டரில் தொங்குகிற பூட்டைப் பார்த்துக்கொண்டு. மாரிசெல்வி வெங்கடேஷுக்குப் போன் போட்டாள். பாண்டுப்பில் டவர் நன்றாக வேலை செய்தது போல, உடனே எடுத்தான். காலையில் ஆள் அனுப்புகிறேன், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், பூட்டில் கை வைத்தால் கமிட்டி நடவடிக்கை எடுக்கும் என்றான். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டதாம். வாப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்காமல் சுத்தியலை ஓங்கினேன். பூட்டு நல்ல பூட்டுதான், சுலபத்தில் விடவில்லை, என் கை தோல் உரிந்த பிறகுதான் விட்டது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? நீலத் தார்ப்பாய், கட்டுக்கட்டாக, பிரிக்காமல். புதுக் கயிறு, சுருள் சுருளாக. மழைக்காலத்துக்கு முன்னால் நம் சந்துக்குக் கொடுக்கச் சொல்லி யாரோ புண்ணியவான்கள் கொண்டுவந்து இறக்கினது, போட்டோவுக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டு இவன் பூட்டி வைத்திருக்கிறான். மாரிசெல்வி காரித் துப்பினாள், ஹாலுக்குள்ளே துப்பாதே என்று நான் அவளைத் திட்டினேன், அந்த நேரத்தில் எனக்கு என்ன சுத்தமோ. அந்தத் தார்ப்பாய்க் கட்டுகளின் மேல்தான் வாப்பாவைச் சாய்த்து உட்கார வைத்தோம். பம்ப் மருந்து என் மடியில் இருந்தது, ஆனால் அதை உள்ளே இழுக்கிற அளவுக்கு அவருக்கு மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள், தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, அதில் பம்பைச் செருகி, வாய்ப் பக்கத்தை அவர் வாயில் வைத்து அழுத்தச் சொல்லி. அப்படிச் செய்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கண் செருகுகிறது. மாரிசெல்வி அவர் முதுகை நீவிவிட்டாள், வெயிலுமுத்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றான், நான் ஓதவும் செய்தேன், திட்டவும் செய்தேன், எது வேலை செய்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, மெஷின் நனைந்துவிட்டதா என்று கேட்டார். தையல் மெஷினைக் கேட்கிறார்! அந்த நிமிஷம் அவர் பிழைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் புயல் போகவில்லை. மறுநாள் முழுக்க அடித்தது. அந்தத் தார்ப்பாய்களைப் பிரித்து, அந்தக் கயிற்றைக் கொண்டே ஆண்கள் காற்று இறங்கின நேரமாகப் பார்த்துப் போய்க் கூரைகளைக் கட்டினார்கள். யாரோ ஸ்டவ் கொண்டுவந்தார்கள், டீ போட்டோம். குழந்தைகள் அழுது அழுது தூங்கின. சாயங்காலம்தான் அந்தச் சனியன் நகர்ந்தது. நம் சந்தில் உயிர் ஒன்றும் போகவில்லை, கூரை பாதிக்கு மேல் போய்விட்டது.

தண்ணீர் வடிந்ததும் வெங்கடேஷ் வந்தான். முதல் வேலையாக ஷட்டருக்குப் புதுப் பூட்டு போட்டான். இரண்டாவது வேலையாகப் பேனர் கட்டினான், அதில் இவன் முழங்கால் தண்ணீரில் நிற்கிற மாதிரி படம், எந்த ஊர்த் தண்ணீரோ. பூட்டை உடைத்தது யார் என்று விசாரித்தான். நான்தான் என்றேன். பெண்களிடம் பேச என்ன இருக்கிறது, பாயிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி, போட்டோக்காரனையும் பிஸ்கட் பெட்டியையும் கூட்டிக்கொண்டு, வெயிலுமுத்து வீட்டில் படுத்திருந்த உன் வாப்பாவிடம் போனான். உன் வாப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஊரெல்லாம் ஏமாற்றினாலும் சிரித்துக்கொண்டே போவார், வாயை அடக்கு புள்ள என்று என்னைத்தான் சொல்வார். வெங்கடேஷ் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். வாப்பா அதை வாங்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"பிஸ்கட்ட நீயே வச்சுக்க தம்பி. சாவியக் குடுத்துட்டுப் போ."

சொல்லிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். வெயிலுமுத்து வாசலை மறைத்துக்கொண்டு சும்மா நின்றான், சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் பின்னால் நின்றார்கள். வெங்கடேஷ் கமிட்டி, ரூல்ஸ், தேர்தல் என்று ஏதேதோ சொன்னான். வாப்பா நீட்டின கையை மடக்கவே இல்லை. கடைசியில் சாவி அந்தக் கையில் விழுந்தது. போட்டோக்காரன் அதை மட்டும் படம் எடுக்கவில்லை. இப்போது அந்தச் சாவி மாரிசெல்வி வீட்டு வாசலில் வெளிப்பக்கம் ஆணியில் தொங்குகிறது, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம், இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு மெஷின் பழுது பார்த்தாகிவிட்டது, ஒன்று இரும்புக்குத்தான் ஆகும். கூரைக்குத் தகரம் போட்டாச்சு, இந்தத் தடவை போல்ட் போட்டு. எங்களை அங்கே வரச் சொல்கிறாய். டாக்டர் விமானத்தில் போகலாம் என்று சொன்னால் பார்க்கலாம், பேத்தியோ பேரனோ பிறக்கும்போது நான் இல்லாமல் உன்னால் என்ன செய்ய முடியும், கஞ்சி வைக்கக் கூடத் தெரியாது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பாக்கெட் சூப்பைக் குடிக்காதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி போலீஸைக் கூப்பிட்டுவிடப் போகிறாள். ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் நீங்கள் இரண்டு பேரும் நீண்ட நாள் வாழ உம்மாவின் துஆ எப்போதும் உண்டு.

ஞாபகமாக ஒன்று. வாப்பா அன்றைக்கு என்னைப் போகச் சொன்னதை உன்னிடம் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். இதையும் யாரிடமும் சொல்லாதே, இப்போது கொஞ்சம் காற்று அடித்துத் தகரம் சத்தம் போட்டாலும், அவர் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன். அவர் தெரியாத மாதிரி படுத்திருக்கிறார்.

உன் உம்மா,
ஹபீபா நாகூர் கனி